கோர்ஃப் சீமாட்டியின் பெர்லின் வண்டி: குடும்பத்தோடு ஊர் போக அருமை, தப்பி ஓட ஆகாது

இந்த வண்டியைப் பற்றி 200 வருஷத்துக்கும் மேலாக ஒரே புகார்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிசு, கனம், ஆமை வேகம். அதனால்தான் 1791இல், புரட்சியின் நடுவே பாரீஸிலிருந்து குடும்பத்தோடு மோன்மெதி கோட்டையை நோக்கித் தப்பி ஓடிய பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி வழியில் வாரென் ஊரில் மாட்டிக்கொண்டார், முடியாட்சியும் அதோடு சாய்ந்தது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் புகாரில் பாதிகூடத் தேறாது. வண்டி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. அதற்குக் கொடுத்த வேலைதான் தப்பு. உண்மையில் கோட்டை விட்டவை வண்டியோடு சேர்த்து எடுத்த சேவைகள்: வழிக் காவல், முன்னோடிகள், கடைசிக் குதிரை மாற்று.

பெர்லின் என்பது கம்பெனிப் பெயர் இல்லை, வண்டியின் வகை. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பெர்லின் நகரத்தில் உருவான அமைப்பு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பழைய கோச்சு வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் இணைப்பது நடுவில் ஓடும் ஒரே சட்டம். அது முறிந்தால் பயணம் அங்கேயே முடிந்தது. பெர்லினில் இரண்டு சட்டங்கள் இணையாக ஓடும். ஒன்று விரிசல் விட்டாலும் மற்றது அடுத்த ஊர் வரை தாங்கும். ஆட்கள் உட்காரும் கூண்டு தடித்த தோல்வார்களில் தொங்கும். சக்கரம் குழியில் இறங்கினால் கூண்டு ஊஞ்சல் போல ஆடும், முதுகெலும்பில் இடி விழாது. குடைசாயும் பயமும் குறைவு. இரவெல்லாம் குழந்தைகளோடு போக அந்தக் காலத்தில் இதைவிட நல்ல வகையைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

1790 டிசம்பரில் இதற்கு ஆர்டர் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டுப் பிரபு ஆக்செல் ஃபெர்சென். காகிதத்தில் பெயர் ரஷ்யச் சீமாட்டி கோர்ஃப். கட்டியவர் பாரீஸ் வண்டிக் கட்டுநர் ழான்-லூயி. பில் தொகை 5,944 லிவ்ர். பாரீஸ் கூலியாள் ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிவ்ர் சம்பாதித்த காலம் அது. ஒருவன் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தால் கைக்கு வரும் பணம். விலைக்கேற்ற வேலைப்பாடு இருந்தது என்பதில் சந்தேகமில்லை.

உள்ளே எதிரெதிராக இரண்டு இருக்கைகள், ஆறு பேருக்குத் தாராளம். உட்சுவர் வெள்ளை வெல்வெட். சாப்பாடு வைத்துக்கொள்ளவும் சூடு பண்ணவும் தகரப் பெட்டி, எட்டு பாட்டில் ஒயின் நிற்கும் தோல் பேழை, வார்னிஷ் பூசிய தோலில் இரண்டு மூத்திரச் சட்டிகள். கடைசியாகச் சொன்னதைக் கிண்டலடிக்காதவர் இல்லை. ஆனால் ஒரு முழு இரவும் பகலும் யாரும் கீழே இறங்காமல், முகம் காட்டாமல் போக வேண்டுமென்றால் இந்த மூன்றும்தான் மிக முக்கியமான பாகங்கள். சத்திரத்தில் உட்கார்ந்து சாப்பிடும் அவசியத்தையே இவை நீக்கிவிட்டன. இவ்வளவையும் வாங்கிவிட்டு, அரசர் ஓரிரு இடங்களில் காலாற இறங்கி நின்றார் என்றால் அது வண்டியின் குறை இல்லை.

குறை என்று சொன்னால் வெள்ளை வெல்வெட்டைச் சொல்லலாம். ஜூன் மாதத் தூசிக்கு அது ஒத்தே வராது. அதைவிடப் பெரிய குறை வெளிப்பூச்சு. கூண்டு பச்சை, அடிச்சட்டமும் சக்கரங்களும் எலுமிச்சை மஞ்சள். பணக்காரர் வண்டிக்கு அன்று இது அதிசயமான நிறமில்லை. ஆனால் புத்தம் புது வண்டி, பளபளவென்று, ஆறு குதிரை பூட்டி, பின்னாலோ முன்னாலோ இன்னொரு சிறு வண்டியோடு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் குதிரை லாயத்துப் பையன் முதல் பாதிரியார் வரை எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். கண்ணில் படக் கூடாத பயணத்துக்குக் கண்ணைப் பறிக்கும் சாமான்.

இனி வேகம். பாரீஸ் சுங்கவாயிலைத் தாண்டியது 1791 ஜூன் 21 அதிகாலை 2 மணிவாக்கில். வாரென் போய்ச் சேர்ந்தது அன்றிரவு 11 மணிவாக்கில். ஏறத்தாழ 240 கிலோமீட்டர், 21 மணி நேரம். நின்ற நேரத்தையும் சேர்த்தால் மணிக்கு 11 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இடையில் போந்தி, க்ளே, மோ, மோன்மிராய், ஷாலோன், சேன்ட்-மெனூ, க்ளெர்மோன் என்று பதினைந்துக்கும் மேற்பட்ட நிலையங்களில் குதிரை மாற்ற வேண்டும். ஒரு மாற்றத்துக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலே கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் நின்றதில் கழிந்துவிடும். அதைக் கழித்துப் பார்த்தால் ஓடும்போது மணிக்கு 14 கிலோமீட்டர் வருகிறது. ஆறு பேர் உள்ளே, ஆட்கள் வெளியே, மூட்டை முடிச்சு மேலே என்று ஏற்றிய வண்டிக்கு இது மோசமான ஓட்டமே இல்லை.

அப்படியானால் தாமதம் எங்கே? புறப்பாட்டில். த்வில்ரி அரண்மனையிலிருந்து ஒவ்வொருவராக நழுவி வாடகை வண்டி போன்ற ஒரு வண்டியில் ஏறி, ஃபெர்சென் அதை ஓட்டி, ஊர் எல்லையில் காத்திருந்த பெர்லினுக்கு மாறுவது திட்டம். அரசரின் படுக்கைச் சடங்கு நீண்டது. அரசி மரி அந்துவானெத் கடைசியாக வந்தார். இதிலேயே இரண்டு மணி நேரம்போலப் போயிற்று. பிறகு ஷாலோன் வருவதற்கு முன் குதிரைகள் விழுந்து சேணத்தின் இழுவார் அறுந்தது. தைத்துக் கட்டிப் புறப்பட அரை மணிக்கு மேல் பிடித்தது. வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறுந்தது வண்டியின் பாகமில்லை, இழுக்கும் வார். ஆறு குதிரையின் முழு இழுப்பும் அதில்தான் இறங்குகிறது. ஒரு குதிரை தடுக்கினால் பக்கத்துக் குதிரையின் வாரும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். கனமான வண்டிக்கு மாற்று வார் இரண்டு செட்டாவது பெட்டியில் இருக்க வேண்டும்.

வண்டியின் உண்மையான பசி குதிரைப் பசி. பெர்லினுக்கு ஆறு. பணிப்பெண்கள் இருவர் போன கேப்ரியோலே வண்டிக்குத் தனி. மெய்க்காவலர் ஏறிப்போகத் தனி. மொத்தம் ஒவ்வொரு நிலையத்திலும் பத்து, பதினொரு குதிரை ஒரே நேரத்தில் தேவை. ராஜபாட்டையில் இருக்கும் பெரிய அஞ்சல் நிலையங்களுக்கு இது முடியாத காரியமில்லை. பிரான்சின் அஞ்சல் குதிரைச் சேவை அன்றைய ஐரோப்பாவில் தரமானது, நடுராத்திரியிலும் குதிரை கிடைக்கும், இந்தப் பயணத்தில் ஒரு நிலையமும் கைவிரிக்கவில்லை. இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். சிக்கல் வேறு. முன்னோடியாகப் போகும் ஆள் அரை மணி, ஒரு மணி முன்னதாகப் போய்க் குதிரைகளைப் பூட்டத் தயாராக வெளியே நிறுத்த வேண்டும். அவன் தாமதித்தால் பத்துக் குதிரையை லாயத்திலிருந்து கொண்டுவந்து பூட்டும் வரை வண்டி ஊர் நடுவில் நிற்கும். அவ்வளவு நேரமும் நிலையத் தலைவர் வண்டிக்குள் எட்டிப் பார்ப்பார். நாள் முழுக்க முகங்களைப் பார்த்துப் பழகிய ஆசாமி அவர்.

முன்னோடி வேலைக்கு அமர்த்திய மூன்று மெய்க்காவலரும் விசுவாசமானவர்கள், வீரர்கள். ஆனால் வழி தெரியாதவர்கள். சேன்ட்-மெனூவில் அஞ்சல் நிலையம் எங்கே என்று தெருவில் விசாரிக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு அவர்களுக்குக் கொடுத்த உடுப்பு மஞ்சள் நிறம்; நாட்டை விட்டு ஓடிப்போன கோந்தே இளவரசரின் வேலையாட்கள் உடுப்பு மாதிரியே இருந்தது. மக்கள் ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கும் நிறத்தை வலியப் போய் மாட்டிக்கொள்வதற்குப் பதில் பழுப்பு மேலங்கி ஒன்று போதும்.

கடவுச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் சீட்டு, போலி இல்லை. அமைச்சர் மோன்மோரென் கையெழுத்திட்டது. அதன்படி சீமாட்டி கோர்ஃப் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போகிறார். சீமாட்டியாக நடித்தவர் குழந்தைகளின் வளர்ப்பாளர் தூர்செல் அம்மையார். அரசர் துராந்த் என்ற பணியாள், அரசி ரோஷே என்ற ஆசிரியை, அரசரின் தங்கை எலிசபெத் ரோசாலி என்ற தோழி, ஆறு வயது இளவரசனுக்குப் பெண்பிள்ளை உடை. சீட்டில் எழுதியிருந்தது சீமாட்டி, இரண்டு குழந்தைகள், ஒரு பெண், ஒரு பணியாள், மூன்று வேலைக்காரர். கூட்டினால் எட்டு. சாலையில் போனது பதினொரு பேர். இன்னொரு ஓட்டை அதைவிடப் பெரிது: ஃபிராங்க்ஃபர்ட் போகிறவர் க்ளெர்மோனில் நேராக வெர்தன், மெத்ஸ் பக்கம் போக வேண்டும். இடது பக்கம் திரும்பி வாரென் போக அவருக்கு ஒரு காரணமும் இல்லை. வெர்தன் கோட்டைக்காரர்களுக்குப் பயந்து ஒதுங்கிய இந்தத் திருப்பம்தான் சீட்டைச் செல்லாக்காசாக்கியது. ரேம்ஸ் வழியைத் தவிர்த்ததில் நியாயம் இருந்தது. அங்கே 1775இல் முடிசூட்டிக்கொண்டவர், ஊரே அவர் முகத்தைப் பார்த்திருக்கிறது.

இப்போது படைக் காவல். இருப்பதிலேயே படுமோசமான சேவை இது. ஒரு நட்சத்திரம் கொடுக்கவும் மனம் வரவில்லை. தளபதி பூயே திட்டப்படி ஷாலோனைத் தாண்டியதும் போன்-த-சோம்-வேல் நிலையத்தில் 40 ஹுசார் குதிரைப்படையினர், அடுத்தடுத்த ஊர்களில் டிரகூன் குதிரைப்படையினர். கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு பொய்: படைகளுக்குச் சம்பளப் பணம் வருகிறது, அதற்குக் காவல். பொய் நன்றாகத்தான் இருந்தது, ஒரு மணி நேரத்துக்கு. ஹுசார்களில் பலர் ஜெர்மன் பேசுகிறவர்கள். எல்லைப் பக்கத்துக் கிராமத்தில் ஜெர்மன் பேசும் குதிரைப்படை நாள் முழுக்கச் சும்மா நின்றால் என்ன ஆகும்? பக்கத்துப் பண்ணைக் குடியானவர்கள், பாக்கிக் குத்தகையைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கூடிவிட்டார்கள்.

பிற்பகல் 3 மணிக்குள் வரவேண்டிய வண்டி வரவில்லை. பொறுப்பிலிருந்த ஷ்வாசேல் கோமகன் மாலை 6 மணிக்கு முன்னால் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு சாலையை விட்டுக் காட்டு வழியில் போய்விட்டார். வண்டி அங்கே வந்தது அதற்குச் சற்று நேரம் கழித்துத்தான். போகிற போக்கில் அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடக் கேடு: அரசியின் சிகையலங்காரக்காரர் லியோனாரை ஒரு வண்டியில் முன்னே அனுப்பி, 'பணம் இன்று வராது போலிருக்கிறது' என்று ஒவ்வொரு காவலுக்கும் சொல்ல வைத்தார். இப்படியாக அரசர் ஒவ்வோர் ஊருக்கும் வருவதற்கு முன்னால், அவர் வரமாட்டார் என்ற செய்தி போய்ச் சேர்ந்தது. தாமதம் வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி உத்தரவு எழுதியிருந்தால் போதும்: ஒரு மைல் தள்ளி நில், ஒரு ஆளைச் சாலையில் விட்டு வை. அந்த வரி இல்லை.

சேன்ட்-மெனூ நிலையத் தலைவர் ழான்-பதீஸ்த் த்ரூவே, 28 வயது, முன்னாள் டிரகூன். அரசியை முன்பு பார்த்தவர். அரசரின் முகத்தை 50 லிவ்ர் காகிதப் பணத்தில் இருந்த படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாக அவரே பின்னால் தேசிய மன்றத்தில் சொன்னார். இருந்தும் வண்டியை அங்கேயே அவர் மறிக்கவில்லை. குதிரை கொடுத்து அனுப்பினார். சந்தேகம் ஊருக்குள் வலுத்த பிறகுதான் கீயோம் என்ற தோழரோடு குதிரையேறினார். மெத்ஸ் பாதையில் போயிருப்பார்கள் என்றுதான் முதலில் துரத்தினார். எதிரே திரும்பி வந்த அவருடைய சொந்தக் குதிரையோட்டிகள், வண்டி வாரென் பக்கம் திரும்பியதைச் சொன்னார்கள். க்ளெர்மோனில் சத்தமாகச் சொன்ன ஊர்ப்பெயர் அவர்கள் காதில் விழுந்திருந்தது. த்ரூவே ஆர்கோன் காட்டுக்குள் குறுக்கு வழியில் இறங்கினார். தனிக் குதிரைக்காரனைப் பெர்லின் ஜெயிக்க முடியாது, வேறு எந்த நாலு சக்கர வண்டியும் ஜெயிக்க முடியாது. ஆனால் அவர் புறப்படும்போது வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் போயிருந்தது. வாரெனில் நிற்காமல் போயிருந்தால் த்ரூவேக்குத் தூசிதான் மிச்சம்.

வாரெனில் நின்றது குதிரைக்காக. இந்த ஊர் அஞ்சல் சாலையில் இல்லை, ஆகவே குதிரை நிலையமும் இல்லை. மாற்றுக் குதிரைகளைத் தனியே கொண்டுவந்து வைக்க வேண்டும், வைத்தும் இருந்தார்கள். எங்கே என்பதில்தான் எல்லாம் கெட்டது. ஊரை ஏர் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேட்டில் மேலூர், பாலம் தாண்டிக் கீழூர். ஊர் நுழைவில், மேலூர்ப் பக்கம் குதிரைகள் நிற்கும் என்று அரசருக்குச் சொல்லப்பட்டிருந்தது. குதிரைகள் நின்றதோ பாலத்துக்கு அந்தப் பக்கம், 'மாமன்னர்' என்று பெயர் கொண்ட சத்திரத்தில். பொறுப்பாக இருந்த இளம் அதிகாரிகள் இருவர், ஒரு மணி நேரம் முன்னதாக ஆள் வந்து எழுப்பும் என்று காத்திருந்தார்கள். அந்த ஆள் ஷ்வாசேலோடு காட்டில் வழி தவறிக்கொண்டிருந்தார். லியோனார் வேறு வந்து, இன்று இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருட்டில் கதவு கதவாகத் தட்டி அரை மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அரசியே இறங்கித் தேடினார். களைத்த குதிரைகளையே ஓட்டிப் பாலத்தைத் தாண்டு என்றால் குதிரையோட்டிகள் மறுத்தார்கள். வாரெனைத் தாண்டக் கூடாது என்பது க்ளெர்மோன் நிலையத்தின் உத்தரவு, குதிரை நிலையத்தின் சொத்து. அதற்குள் த்ரூவே வந்து, வண்டியைக் கடந்து போய், 'தங்கக் கை' சத்திரத்துக்காரர்களை எழுப்பி, வீட்டுச் சாமான் ஏற்றிய ஒரு பார வண்டியைப் பாலத்தில் குறுக்கே நிறுத்திவிட்டார். பெர்லின் கடைசியில் நகர்ந்தபோது மாதாகோயிலை ஒட்டிய தாழ்வான வளைவுக்கடியில் துப்பாக்கிகள் நின்றன. ஊர் வழக்குரைப்பாளர் சோஸ், மளிகையும் மெழுகுவர்த்தியும் விற்பவர், சீட்டைப் பார்த்துச் சரியாகத்தான் இருக்கிறது என்றார். விடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர் த்ரூவே. அரசர் முன்பு வாழ்ந்த வெர்சாயில் ஒரு காலத்தில் வசித்த ஓர் உள்ளூர் நீதிபதியை அழைத்து வந்தார்கள். அவர் பார்த்ததும் மண்டியிட்டுவிட்டார். அதற்குமேல் துராந்த் என்ற பணியாள் இல்லை.

வளைவிலிருந்து குதிரைகள் நின்ற சத்திரம் ஒரு சரிவும் ஒரு பாலமும்தான். அங்கிருந்து, போய்ச் சேர வேண்டிய மோன்மெதி கோட்டை சுமார் 50 கிலோமீட்டர்.

திரும்பிய பயணம் வண்டிக்கு நல்ல சோதனை ஓட்டம். 21 மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்ப ஜூன் 22 முதல் 25 வரை நான்கு நாள் எடுத்தார்கள், வெயிலில், கூட்டத்தின் நடைவேகத்தில். வழியில் மன்றப் பிரதிநிதிகள் பர்னாவும் பெத்தியோனும் உள்ளே ஏறிக்கொண்டதால் ஆறு பேர் இடத்தில் எட்டுப் பேர், குழந்தைகள் மடியில். அச்சு முறியவில்லை, சட்டம் விரிசல் விடவில்லை. உறுதிக்கு இதைவிடச் சான்று வேண்டாம். முடியாட்சி அவ்வளவு உறுதியாக இல்லை: 1792 ஆகஸ்ட் 10இல் த்வில்ரி விழுந்தது, செப்டம்பர் 21இல் முடியாட்சி ஒழிக்கப்பட்டது, 1793 ஜனவரி 21இல் அரசரும் அக்டோபர் 16இல் அரசியும் கில்லட்டினுக்குப் போனார்கள். வண்டிக்குள் இருந்த குடும்பத்தில் புரட்சியைத் தாண்டி உயிரோடு மிஞ்சியவர் இளவரசி மரி-தெரேஸ் மட்டும்.

மாற்றுப் பொருள் இல்லாமல் இல்லை. பூயே சொன்னது இரண்டு இலேசான வண்டிகள். குடும்பத்தைப் பிரித்துப் போக வேண்டும், பாதை தெரிந்த ஓர் இராணுவ அதிகாரியை உள்ளே உட்கார வைக்க வேண்டும். குடும்பம் பிரிய மாட்டோம் என்றது. குழந்தைகளை விட்டு நகர்வது தன் பதவிக்கு அழகல்ல என்று தூர்செல் அம்மையார் உரிமையைப் பிடித்துக்கொண்டதால் அதிகாரிக்கு இடமும் இல்லாமல் போயிற்று. இரண்டு சிறிய வண்டி என்றால் வண்டிக்கு இரண்டு, மூன்று குதிரை. எந்தக் குடியானவனிடமும் வாங்கலாம், வாரென் போன்ற ஊரில்கூட.

அதே இரவில் அரசரின் தம்பி ப்ரோவான்ஸ் பிரபு இந்த முறையில்தான் போனார். ஒரே ஒரு துணையோடு, ஆங்கிலேயர் வேஷத்தில், சாதாரண வண்டியில், படைக் காவல் ஏதும் இல்லாமல் வடக்குச் சாலை வழியாக எல்லை கடந்து மோன்ஸ் நகரம் சேர்ந்தார். மனைவியை வேறு வண்டியில் வேறு பாதையில் அனுப்பியிருந்தார். அவரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார். 1814இல் பதினெட்டாம் லூயி என்ற பெயரில் அரியணை ஏறியவர் இவர்தான்.